வடிவமைப்பு: ஜாஸ்பின்

நந்தனாவின் போன் மாலை நாலேகாலுக்கு வந்தது. நான் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தேன். உரத்துக்கு வந்தவர்கள் இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னை அழைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"அப்பா, அம்மா துணி காயப்போடுற இடத்துல கிடக்கா. கூப்பிட்டா எழும்ப மாட்டேங்கா."

அவள் அழவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. பூதப்பாண்டியில் சங்கத்துக்கும் வீட்டுக்கும் பெரிய தூரம் கிடையாது. பிறகு நாகர்கோவிலுக்கு ஆம்புலன்சில் போனோம். அங்கே ஒரு டாக்டர் கண்ணைத் திறந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அவர் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இதயம் என்று சொன்னார்கள். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது.

மறுநாள் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் வடிவமைப்புக்குக் கொடுத்துப் புத்தகம் போட்டவர்கள். "எப்பவும் கம்ப்யூட்டர் முன்னாலயே உக்காந்துட்டு இருந்தா என்ன ஆகும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். என் மனைவி ஜாஸ்பின் கம்ப்யூட்டர் முன்னால் சாகவில்லை. போர்வையை உதறிக் கொடியில் போட்டிருக்கிறாள், கிளிப் மாட்டவில்லை. இதைத் திருத்திச் சொல்ல அன்று எனக்குத் தெம்பில்லை. இப்போது எழுதி வைக்கிறேன்.

அவள் குழித்துறைக்காரி. நாகர்கோவிலில் கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம், இருவரும் கணக்கு. படித்து முடித்து மார்த்தாண்டத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் சேர்ந்தாள். கல்யாணப் பத்திரிகை, சபை மலர், அடக்க ஆராதனை நோட்டீஸ் என்று எல்லாம் செய்கிற இடம். தமிழ் டைப்பிங் அங்கேதான் கற்றாள். நாங்கள் கல்யாணம் செய்துகொண்டது பதிவு அலுவலகத்தில். அதன் பிறகு அவளுடைய அப்பா ராஜையன் அவளோடு பேசவில்லை. நான் சைவ வெள்ளாளன், அவர்கள் நாலு தலைமுறையாக வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். என் வீட்டிலும் யாரும் ஆரத்தி எடுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் கோபம் நந்தனா பிறந்ததோடு தீர்ந்தது. அங்கே தீரவில்லை. அவளுடைய சபையில் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். அப்பா இறந்தபோது போனாள், கூட்டத்தோடு நின்று பார்த்துவிட்டு வந்தாள். யாரும் தடுக்கவில்லை. யாரும் பக்கத்திலும் வரவில்லை.

பூதப்பாண்டிக்கு வந்த பிறகு வீட்டிலேயே வேலை செய்தாள். சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவர்கள் இந்த மாவட்டத்தில் எவ்வளவு பேர் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியரின் கவிதை, போதகரின் பிரசங்கங்கள், ஊர்க்கோயில் தலவரலாறு, கடற்கரையில் ஒருவர் எழுதிய மீன் சமையல். எல்லாரும் முதலில் அட்டையைப் பற்றித்தான் பேசுவார்கள். அவள் எழுத்துருவைப் பற்றிக் கேட்டால் "ஏதாவது போடும்மா, நல்ல டிசைனா" என்பார்கள். வட்டக்கோட்டையைப் பற்றி வழிகாட்டி எழுதிய நாராயணபெருமாள் என்ற பெரியவர் மட்டும் குறிப்பாகக் கேட்டார். உள்ளே இருக்கிற எழுத்தெல்லாம் கருங்கல்லை அடுக்கி வைத்த மாதிரி இருக்க வேண்டும் என்றார்.

"கல்லை அடுக்கினா கோட்டை வரும் சார். வாசிக்க ஆளு வராது."

"கோட்டையைப் பாக்க வர்றவன் வாசிக்கவா செய்யப் போறான்?"

"பின்ன எதுக்கு சார் எழுதுனீங்க?"

அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். அடுத்த வாரம் வந்தார். தலைப்புக்கு மட்டும் கல் எழுத்து, உள்ளே படிக்கிற எழுத்து என்று சமாதானம் ஆனது. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். வாடிக்கையாளர்கள் சிலர் அதனால் போனார்கள். போனவர்களைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

எழுத்துருவைச் சோதித்துப் பார்க்க அவள் ஒரு வரி வைத்திருந்தாள். மற்றவர்கள் அ, ஆ, இ என்று அடித்துப் பார்ப்பார்கள். அவள் அடிப்பது பெயர்கள்: ஜெபஸ்டின் ஷீஜா ஹெப்சிபாய் கிறிஸ்டல் ஜாய்ஸ் அக்ஷய். "நம்ம ஊரு புத்தகத்துல பாதியும் ஆளுகளுக்க பேருதான், அனிலு. முன்னுரையில நூறு பேருக்கு நன்றி. ஜ, ஷ, ஹ இது மூணும் நல்லா இல்லாத எழுத்து இங்க செல்லாது" என்பாள் என்னிடம். நல்ல எழுத்துருக்கள் பலவற்றிலும் கவும் தவும் அழகாக வரைந்திருப்பார்கள். ஜவுக்கும் ஷவுக்கும் வரும்போது களைத்துவிட்டிருப்பார்கள். என் கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது. அவள் பெரிதாக்கிக் காட்டினால் தெரியும்.

அவளுக்கு ஒரு கண்டிப்பான பழக்கம் இருந்தது. வேலை முடிந்தால் பி.டி.எஃப். மட்டும்தான் கொடுப்பாள். எழுத்துருவை அதற்குள்ளேயே பதித்துவிடுவதால், சிவகாசியில் அச்சடித்தாலும் சென்னையில் அடித்தாலும் ஒரே மாதிரி வரும். பக்கங்களைப் பிரித்து மாற்றக்கூடிய மூலக் கோப்பை யாருக்கும் தரமாட்டாள். தந்தால் கடைசி நேரத்தில் எவனாவது ஒரு பத்தியைச் செருகுவான், இடம் போதாமல் எழுத்தை நசுக்குவான், கீழே அவள் பெயர் இருக்கும். ஒரு தமிழாசிரியர் கேட்டுச் சண்டை போட்டார், "நான் எழுதுன புத்தகத்தை எனக்கே தரமாட்டியா" என்று. அப்போதும் கொடுக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சித்தப்பா ஞானதாஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பதினேழு வருடத்தில் அவர் இந்த வாசலில் ஏறியது அன்றுதான். கையில் ஒரு பழைய சி.டி.

அவள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஞானஸ்நானம் பெற்ற மூதாதையில் இருந்து தொடங்கி, எல்லாக் கிளைகளையும் எழுதிக் குடும்ப வரலாறு என்று புத்தகம் போடுவார்கள். குடும்ப சங்கமம் என்று ஒரு நாள் மண்டபம் பிடித்துக் கூடி, ஜெபித்து, பிரியாணி சாப்பிட்டு, ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கொண்டு போவார்கள். யார் யாருக்குப் பிறந்தார்கள், எங்கே கட்டிக்கொடுத்தார்கள், எந்த வேலை, எந்த நாடு, எல்லாம் அதில் இருக்கும். சம்பந்தம் பேசும்போதுகூட எடுத்துப் பார்ப்பார்கள். ஞானதாஸ் வைத்திருந்தது முதல் பதிப்பின் சி.டி. அது வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. இரண்டாம் பதிப்புக்குக் கமிட்டி போட்டிருந்தார்கள், அவர் தலைவர். இரண்டு இடத்தில் கொடுத்துப் பார்த்தாராம், பேரனிடமும் காட்டினாராம், திறந்தால் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியுமாக வருகிறதாம்.

"எனக்க கொச்சுமவன் ஜினோ கம்ப்யூட்டர் இஞ்சினியர்லா, அவனே கை விரிச்சுட்டான். உனக்கு இது அறியும்ன்னு உனக்க அம்மை பறைஞ்சா" என்றார்.

யூனிகோடு வருவதற்கு முந்தைய கோப்பு அது. அந்தக் காலத்தில் எழுத்துரு விற்ற ஒவ்வொரு கம்பெனியும் தமிழ் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்திருந்தது. அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ் தெரியும், இல்லையென்றால் குப்பை. மார்த்தாண்டத்தில் அவள் வேலைபார்த்த சென்டரில் அதே எழுத்துருவைத்தான் வைத்திருந்தார்கள். பழைய டிஸ்க்கில் தேடி எடுத்தாள். அதைப் போட்டதும் திரையில் அவளுடைய முப்பாட்டன் பெயர் தெரிந்தது. சித்தப்பா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் அன்று வெறுப்பு இல்லை, சொல்லப்போனால்.

காப்பி குடித்தார். அதை நான் கவனித்தேன்.

பழையதை யூனிகோடுக்கு மாற்றும் வேலையில் மூன்று மாதம் போயிற்று. மாற்றித் தரும் நிரல்கள் உண்டு. ஆனால் பெயர்களில் அவை தடுமாறும், ஸ்டெல்லா வேறு ஏதோவாக வந்து நிற்கும். ஒவ்வொரு பெயரையும் பழைய அச்சுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தாள். அவளுடைய அம்மா லீலாபாயிடம் சந்தேகம் கேட்பாள். மாமியார் மகனுடைய வீட்டில் குழித்துறையில் இருக்கிறார், சித்தப்பா பக்கத்து வீடு. அதுவரை அவர்கள் யாருக்கும் தெரியாமல்தான் பேசிக்கொள்வார்கள். அந்த மூன்று மாதம் பகலிலேயே, சத்தமாகவே பேசினார்கள்.

"அம்மோ, நம்ம தாசையன் மாமாவுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைகள்?"

"மொதக் கெட்டுலயா, ரெண்டாம் கெட்டுலயா?"

"ரெண்டு கெட்டா? புத்தகத்துல ஒரு பெண்டாட்டிதானே இருக்கு!"

"அது அப்படித்தான் பிள்ளே இருக்கும்."

எழுத்துரு தேர்ந்தெடுக்கிறபோது கமிட்டி முழுவதும் பேசியது. ஓமனில் இருக்கும் தம்பி ஆன்ஸ்லின் வாட்ஸ்அப்பில் ஸ்டைலாக வேண்டும் என்றான். பெரியவர்களுக்கு வேதபுத்தக எழுத்து மாதிரி வேண்டும். ஜாஸ்பின் ஒரே பக்கத்தை மூன்று எழுத்துருவில் அச்சடித்து வைத்தாள். சித்தப்பா மூன்றாவதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது கொள்ளாம், நல்லாருக்கு. வாசிச்சா ஜெபம் பண்ணுகது மாதிரி இருக்கு."

"இதுவே போடட்டா சித்தப்பா? பின்ன மாத்தப்பிடாது."

"இதுதான். நீ போடு."

அவர் போனதும் அவள் அடுக்களையில் நின்று சிரித்தாள். என்னவென்று கேட்டேன்.

"அனிலு, அந்த எழுத்துக்கு போல்டு கிடையாது."

எனக்குப் புரியவில்லை. பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் ஆண்மக்கள் பெயரெல்லாம் தடித்த எழுத்து, வரிசை எண்ணோடு. பெண்மக்கள் மெலிந்த எழுத்து, எண் கிடையாது, பக்கத்தில் கட்டிக்கொடுத்த ஊர். புத்தகத்தைத் தூரத்தில் பிடித்தால் ஆண்கள் மட்டும்தான் தெரிவார்கள். அவள் காட்டிய மூன்றாவது எழுத்துரு யாரோ ஒருவர் வரைந்து எல்லாரும் பயன்படுத்த இலவசமாக விட்டது. ஒரே தடிமன்தான் வரைந்திருந்தார். அது தெரிந்துதான் அவள் அதை அந்த மூன்றில் சேர்த்திருந்தாள்.

"ஏட்டி, நீ ஆளு கொள்ளாமே" என்றேன்.

"நான் என்ன செஞ்சேன்? தெரிஞ்செடுத்தது கமிட்டித் தலைவரு."

அடுத்த முறை சித்தப்பா வந்தபோது மாதிரிப் பக்கங்களைப் புரட்டி நெற்றியைச் சுருக்கினார்.

"ஆம்பிளப் பிள்ளைகளுக்க பேரு கறுப்பா வரல்லியே?"

"இதுல வராது சித்தப்பா. வரைஞ்ச ஆளு தடிச்ச எழுத்து வரையல்ல."

"பட்டனை அமுக்கினா தடிக்கும்ன்னு ஜினோ பறைஞ்சானே."

"அமுக்கினா கம்ப்யூட்டரு அதுக்க இஷ்டத்துக்கு மை பூசும். ஜவுக்க வயிறு அடைஞ்சு போவும். ஞவும்தான். உங்க பேரை ஞானதாஸ்ன்னு ஒருத்தனும் வாசிக்க மாட்டான்."

அவருடைய பெயரையே தடிமனாக்கிக் காட்டினாள். அவர் தன் பெயரைப் பார்த்தார். "வேண்டாம், வேண்டாம்" என்றார். அவள் செய்த பக்கங்களில் ஆணும் பெண்ணும் ஒரே எழுத்தில் நின்றது இப்படித்தான். அந்தக் கொஞ்ச நாள் அவள் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தாள்.

பிறகு அவளுடைய அப்பாவின் கிளை வந்தது. கமிட்டி கொடுத்த கையெழுத்துப் பிரதியில் இப்படி இருந்தது: ராஜையன், மனைவி லீலாபாய், மக்கள்: 1. ஆன்ஸ்லின். ஜாஸ்பின் ஆன்ஸ்லினுக்கு நாலு வயது மூத்தவள். முதல் பதிப்பில், அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வந்ததில், மெலிந்த எழுத்திலாவது இருந்தாள். இதில் இல்லை.

அவள் தானாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்த்திருக்கலாம், யார் பார்த்திருக்கப்போகிறார்கள் என்று நான் சொன்னேன். "அது களவுல்லா?" என்றாள். சித்தப்பாவைப் போனில் அழைத்து, நேராகக் கேட்டாள். அவர் நேரில் வந்தார். இந்த முறை காப்பி வேண்டாம் என்றார்.

"உனக்க பேரு போடலாம் மக்களே. ஜாஸ்பின்ன்னு மட்டும் போடு. பின்ன ஒண்ணும் வேண்டாம்."

"கல்யாணம் ஆகாதவ மாதிரியா?"

"அப்படி இல்ல…" என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். "இல்லேன்னா ஒரு வழி உண்டு. அனில்குமார்ன்னு வேண்டாம், அனில்ன்னு மட்டும் போடுவோம். நம்மாளுகளிலயும் அனில் உண்டு. குமாரு வரும்போதுதான் ஒரு இது. பிள்ளைக்க பேரு நந்தனா… நான்சின்னு போட்டா என்ன? அவ வந்தா பாக்கப்போறா?"

"உள்ள இருந்து பாத்துட்டுத்தான் நிக்கா" என்றாள் ஜாஸ்பின்.

நந்தனா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பதினைந்து வயது அப்போது. "நான்சி சூப்பரா இருக்கு தாத்தா. நீங்க ஞானவேல்ன்னு மாத்திக்கிடுங்க, எங்க ஊருல திருவிழாவுக்கு வரலாம்" என்றாள். ஜாஸ்பின் அவளை அதட்டினாள், ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கிழவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

"மூணு பேரும் உள்ளபடி வரணும் சித்தப்பா. இல்லேன்னா நான் வேண்டாம். அதுக்காக வேலையை நிறுத்த மாட்டேன், பயப்படாதீங்க. முடிச்சுத் தருவேன்."

அவர் எழுந்து வாசல்வரை போனார். பிறகு, "சரி. போடு. நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அன்று மாலை அவள் அந்த வரியை அடித்தாள். மக்கள்: 1. ஜாஸ்பின், கணவர் அனில்குமார், பூதப்பாண்டி, மகள் நந்தனா. 2. ஆன்ஸ்லின். அம்மாவை அழைத்துப் படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் லீலாபாய் "இன்னொருக்கா வாசி" என்றது எனக்கே கேட்டது.

அச்சுக்குக் கொடுக்கும் நேரத்தில் சித்தப்பா அழைத்தார். சிவகாசியில் மூலக் கோப்பு கேட்கிறார்கள், பி.டி.எஃப். போதாதாம் என்றார். போதும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கே தெரியும், அவ்வளவு காலம் கேட்டிருக்கிறேன். "எல்லாருக்கும் சொல்லுகதை அவருக்கும் சொல்லு" என்றேன்.

"சித்தப்பாட்ட எப்படிச் சொல்லது? நம்பல்லன்னு ஆயிடும்லா. இப்பத்தான் ஒண்ணு சேருது."

கொடுத்தாள். எழுத்துருவையும் சேர்த்து ஒரு பென் டிரைவில் போட்டு, எதை எங்கே பதிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். அவள் வாழ்நாளில் மூலக் கோப்பை வேறு ஒருவர் கையில் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

சங்கமம் மே மாதம், குழித்துறையில் ஒரு மண்டபத்தில். எனக்கும் அழைப்பு இருந்தது, நான் போகவில்லை. பரீட்சை முடிந்து வீட்டில் இருந்த நந்தனாவைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே நடந்ததை நந்தனா சொல்லித்தான் அறிவேன், ஜாஸ்பின் சொல்லவில்லை. மேடையில் ஜெபம் முடிந்து பிரதிகளைக் கொடுத்தார்கள். ஜாஸ்பின் வாங்கியதும் மூக்கருகே வைத்து மையை முகர்ந்தாளாம், எப்போதும் செய்வதுபோல. பிறகு நடுவில் பிரித்தாளாம்.

ஆண்மக்கள் பெயரெல்லாம் கறுப்பு. யாரோ ஒருவன் வேறு சென்டரில் பட்டனை அமுக்கியிருந்தான். ஜ, ஞ, ண எல்லாம் குழி அடைந்து மைப்பொட்டாகிவிட்டன. பெண்மக்கள் பெயரைச் சிறிதாக்கியிருந்தார்கள். அப்பாவின் கிளைக்குப் புரட்டினாள். ராஜையன், லீலாபாய், 1. ஆன்ஸ்லின். அவள் இருந்த வரியை எடுத்துவிட்டு, இடைவெளி தெரியாமல் கீழே உள்ளதை மேலே இழுத்து மூடியிருந்தார்கள்.

சித்தப்பா கூட்டத்துக்குள் வந்து அவள் கையைப் பிடித்தாராம். "கமிட்டித் தீர்மானம் மக்களே. நான் ஒத்தை ஆளு என்ன செய்ய? உனக்குப் போட்டா நாளைக்கு எல்லாக் கிளையிலயும் கேப்பாங்க."

அவள் புத்தகத்தைக் காட்டி, "போல்டு அடைஞ்சு போச்சு சித்தப்பா. நான் சொன்னேன்லா" என்றாளாம்.

அவ்வளவுதான் சொன்னாள். அவருக்கு நிம்மதி. எழுத்தைப் பற்றித்தான் வருத்தம்போல என்று நினைத்துக்கொண்டு, "அது ஒண்ணும் பிரச்சினை இல்ல, வாசிக்க முடியுதுல்லா, வா சாப்பிடு" என்று கூப்பிட்டிருக்கிறார். நந்தனா சாப்பிட மாட்டேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டாள். ஜாஸ்பின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள்.

அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில், அச்சகத்தின் பெயருக்கு மேலே, பொடி எழுத்தில் இன்றும் இருக்கிறது: வடிவமைப்பு: ஜாஸ்பின், பூதப்பாண்டி. அதை எடுக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. அவள் குடும்பத்தின் வரலாற்றில் அவள் இருக்கிற இடம் அது ஒன்றுதான். அந்த அடைத்துப்போன எழுத்துக்குப் பொறுப்பாளியாக.

பெட்டி நிறையப் பிரதிகள் எங்கள் வீட்டுக்கும் அனுப்பினார்கள், வாடிக்கையாளர்களுக்கு மாதிரி காட்டலாமே என்று. அவள் பெட்டியைப் பிரிக்கவில்லை.

பிறகு ஒரு வருடம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. வேலை செய்தாள், ஆனால் எழுத்துருவைப் பற்றி யாரோடும் வாதாடுவதை விட்டுவிட்டாள். "உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ அது" என்று சொல்லத் தொடங்கினாள். வந்தவர்களுக்கு அது வசதியாக இருந்தது. நல்ல மாற்றம் என்றுகூட ஒருவர் என்னிடம் சொன்னார்.

இந்த வருடம் லீலாபாய்க்குக் கண் மோசமாயிற்று. புரை எடுத்த பிறகும் அச்செழுத்து தெரியவில்லை. ஆன்ஸ்லின் ஓமனில் இருந்து ஒரு டேப்லெட் கொண்டுவந்து, அதில் குடும்ப வரலாற்றின் பி.டி.எஃப்.பை ஏற்றிக் கொடுத்திருந்தான். அதைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். ஒரு பெயரை வாசிக்க இடதும் வலதுமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"பிள்ளே, வேதபுத்தகம் இதுல எவ்வளவு பெருசாவும் வருது. எனக்க வீட்டு ஆளுகளுக்க பேரு மட்டும் ஏன் ஓடிப்போவுது?" என்று போனில் கேட்டார்.

பி.டி.எஃப். அச்சுக்கானது, பக்கம் இறுகிவிடும். எழுத்தைப் பெரிதாக்கும்போது வரிகள் தாமாக மடங்கி இறங்க வேண்டும் என்றால் அதை மின்னூலாக, வேறு வடிவத்தில் செய்ய வேண்டும். ஜாஸ்பின் செய்து தருகிறேன் என்றாள். அம்மாவுக்கு மட்டும், ஒரே ஒரு பிரதி. கமிட்டிக்குத் தெரிய வேண்டியதில்லை. தன்னிடம் இருந்த, யாரும் கைவைக்காத பழைய கோப்பில் இருந்து தொடங்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லை, எல்லாவற்றையும் புதிதாக ஒவ்வொரு கிளையாக அடித்தாள். அதே எழுத்துருவைத்தான் உள்ளே பதித்தாள். அதை வரைந்தவர் மின்னூலில் பதிக்கவும் அனுமதி கொடுத்திருந்தார். தடித்த எழுத்து கிடையாது. தாசையன் மாமாவின் இரண்டு கெட்டும் இருந்தன.

"உன் பேரு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது வரும்போ பாக்கலாம்" என்றாள்.

கேட்டதற்குப் பத்து நாள் கழித்து இறந்துபோனாள்.

பழையாற்றங்கரையில் எரித்தோம். குழித்துறையில் இருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். லீலாபாயை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்தார்கள். அவர் மகளின் முகத்தைக் கையால் தடவித்தான் பார்த்தார். மற்றவர்கள் முற்றத்தில் நாற்காலியில் இருந்தார்கள். ஆன்ஸ்லினுக்கு விமானம் கிடைக்கவில்லை. எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்தபோது சித்தப்பா என்னைத் தனியாக அழைத்தார். அழுதிருந்தார், அது உண்மைதான்.

"மக்களே, இனி அவளைப் போட்டுரலாம்" என்றார். "ஒரு ஒட்டுத்தாள் மாதிரி அடிச்சு, எல்லாப் புத்தகத்திலயும் ஒட்டிரலாம். பேருக்குப் பக்கத்துல சிலுவை போட்டு. இறந்தவங்கன்னா கமிட்டியில ஒருத்தனும் ஒண்ணும் பறைய மாட்டான். நான் பேசிட்டேன்."

பேசிவிட்டாராம். சிதை ஆறுவதற்குள் போனில் கமிட்டி கூடியிருக்கிறது.

"ஃபைலு அவளுக்க கம்ப்யூட்டர்ல இருக்கும்லா? அதைத் தந்தா அதே எழுத்துல அடிச்சுரலாம். பாக்க ஒண்ணுபோல இருக்கும்." வேன் பக்கம் பார்த்துவிட்டு, "அனில்ன்னு மட்டும் போட்டா போதும்லா?" என்றார்.

"ஜாஸ்பின் பி.டி.எஃப். மட்டும்தான் குடுப்பா" என்றேன்.

அவருக்கு அது விளங்கவில்லை. துக்கத்தில் பேசுகிறான் என்று நினைத்துத் தோளில் தட்டிவிட்டு வேனில் ஏறினார்.

நேற்று லீலாபாய் போன் செய்தார். நந்தனாவைப் பற்றிக் கேட்டார், சாப்பிட்டாளா, படிக்கிறாளா என்று. பிறகு, "மோனே, எனக்கு ஒரு புத்தகம் செய்தாளே, அது முடிஞ்சுதா?" என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

இன்று அவளுடைய கணினியைத் திறந்தேன். முதல் ஞானஸ்நானத்தில் தொடங்கி பதினொரு கிளைகளும் முடிந்திருக்கின்றன. பன்னிரண்டாவது அவளுடைய அப்பாவின் கிளை. ராஜையன் என்றும் மனைவி லீலாபாய் என்றும் அடித்து, அடுத்த வரியில் மக்கள் என்று எழுதி முக்காற்புள்ளி வைத்திருக்கிறாள். அதன் பிறகு ஜாஸ்பின் என்றும் இல்லை, ஆன்ஸ்லின் என்றும் இல்லை, ஒன்று என்ற எண்கூட இன்னும் அடிக்கப்படவில்லை.